உன் அறை அலமாரியின் அடிப்பலகை

அன்பு மகள் மிர்காவுக்கு அப்பா எழுதுவது. அந்த வெயில் ஊரில் நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பதாக வைத்துக்கொள்கிறேன். இங்கே நானும் அம்மாவும் இருக்கிறோம், சுகம் என்று எழுதக் கை வரவில்லை. வாரத்தில் மூன்று நாள் அம்மாவை ரத்தச் சுத்திகரிப்புக்காக மிக்கேலி நகர ஆஸ்பத்திரிக்குக் காரில் கூட்டிப் போகிறேன், போக எழுபது கிலோமீட்டர், வர எழுபது, பனி விழுந்தபின் சாலை எது பள்ளம் எது என்று என் கண்ணுக்குத் தெரிவதில்லை. அதனால்தான் இந்த வீட்டை விற்றுவிட்டு ஆஸ்பத்திரிப் பக்கம் ஓர் அறையுள்ள வீடு வாங்க நினைத்தோம். அது நடக்கவில்லை. யார் தப்பு என்று போனில் கேட்டாய், பதிலுக்குக் காத்திராமல் என் தப்புதான் என்றும் சொல்லிவிட்டாய், ஆகவே நடந்ததை எழுதுகிறேன்.

ஆலை மூடியபின் நம் தெருவில் ஏழு வீடு பூட்டிக் கிடக்கிறது. இரண்டு வருடத்தில் நம் வீட்டைப் பார்க்க வந்தது ஒரே ஜோடி, ரிக்குவும் சன்னியும். மூன்று தடவை வந்தார்கள். மூன்றாம் தடவை சௌனா நீராவி அறையைச் சூடாக்கி வைத்தேன், உள்ளே உட்கார்ந்து வேர்க்காமல் யார் வீடு வாங்குவார்கள். ரிக்கு சிவந்த முகத்தோடு வெளியே வந்து, "பெரியவரே, இதுக்காகவே வாங்கலாம் போலிருக்கு, வீட்டைச் சும்மா சேர்த்துக் கொடுங்க" என்றான். சன்னி உன் அறையில் தொட்டிலுக்கு இடம் அளந்துகொண்டிருந்தாள், அவளுக்கு ஏழு மாதம்.

அதற்கு முந்தின வாரமே நான் உன் அலமாரியின் அடிப்பலகையைக் கழற்றிப் பார்த்திருந்தேன். தரகர் அம்மாள், "சுவரைத் திறந்து பார்க்கணும்னு அவங்க கேக்கல, நீங்க ஏன் திறக்கறீங்க, கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க" என்றாள், நீயும் அதையேதான் சொன்னாய். நான் கட்டியது எப்படி இருக்கிறது என்று எனக்குத் தெரிய வேண்டாமா. இதைக் கட்டிய எழுபத்துநாலாம் வருடத்தில் எல்லோருக்கும் தாழ்ந்த வீடுதான் பிடித்தது, முற்றத்திலிருந்து படியே இல்லாமல் உள்ளே நடக்க வேண்டும். வெளியே பார்த்தால் காங்கிரீட் அடித்தளம், அதற்குப் பின்னால் சுவரின் அடிமரம் மண்ணைவிடத் தாழ்வாக உட்கார்ந்திருக்கும். அது ஊரே செய்த தப்பு. என் சொந்தத் தப்பு உனக்கு நாலு வயதில், அம்மாவின் ரோஜாவுக்காக மூன்று டிராக்டர் மண் அடித்து உன் அறைச் சுவரோடு அணைத்துக் கொட்டியது. நாற்பது வருடத் தண்ணீர் அந்த மரத்துக்குள் போயிருக்கிறது. திருப்புளியை வைத்தேன், ஊறிய ரொட்டியில் இறங்குவதுபோல் இறங்கியது.

விற்பவர் நிரப்பும் தாளில் அதை எழுதினேன். சன்னியை அந்த அலமாரிக்குள் குனிந்து முகர்ந்து பார்க்கவும் சொன்னேன். அவள் முகர்ந்துவிட்டு வயிற்றில் கை வைத்தபடி எழுந்தாள், ரிக்கு போய் ஷூவை மாட்டிக்கொண்டான். அம்மா, "ஐம்பது வருஷமா வாயே திறக்காத மனுஷன், பேசுறதுக்கு இந்த ஒரு நாளா கிடைச்சுது உங்களுக்கு" என்றாள். நாங்கள் பார்த்து வைத்திருந்த மிக்கேலி வீட்டை வேறு யாரோ வாங்கிவிட்டார்கள்.

நீ அங்கே வீடு தேடுகிறாய், ஆகவே சொல்கிறேன். சமையலறையைப் பார்த்து மயங்காதே, விற்பதற்கென்றே புதுசாக வண்ணம் அடித்திருப்பார்கள். மழை நாளில் போய் வெளியே நில், கூரைத் தண்ணீர் எங்கே போகிறது என்று பார். தரையைவிட வெளி மண் உயரமாக இருந்தால் காபிகூடக் குடிக்காமல் திரும்பிவிடு. சுவருக்குப் பின்னால் இருப்பது தெரியாமல் எதையும் அழகுபடுத்தாதே. விற்கும்போது கேட்குமுன் நீயே சொல்லிவிடு. நான் சொன்னேன், எல்லாம் போனது, மறுபடி ஆள் வந்தால் மறுபடியும் சொல்வேன். வரமாட்டார்கள்.

இப்போது அந்த ரோஜா மண்ணைத் தோண்டி எடுக்கிறேன், உறைந்து கிடப்பதால் கடப்பாரையால்தான் முடிகிறது, சுவரோரமாக நாலு மீட்டர் நீளம் ஆகியிருக்கிறது. அம்மா ஜன்னலைத் திறந்து, "யாருக்காகத் தோண்டுறீங்க" என்று தினமும் கேட்கிறாள். எங்களுக்குப் பிறகு இந்த வீடு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிடு, இல்லாவிட்டால் இடிக்கும் கூலி உன் தலையில் விழும், அது வீட்டின் விலையைவிட அதிகம், மறந்துவிடாதே.

காய்ந்த சுவர்களுக்குள் நீங்கள் இருவரும் நெடுநாள் வாழ வேண்டும். பள்ளிக்கூட வயதில் நீ ஒவ்வொரு குளிர்காலமும் இருமினாய், ஆலைப் புகை என்று நான் டாக்டரிடம் அடித்துச் சொன்னேன். ஆலை உன் கட்டிலிலிருந்து நாலு கிலோமீட்டர், நான் கொட்டிய மண் ஒரு சாண். அந்த அலமாரியின் வாசனை உன் கம்பளிச் சட்டையில் இருந்த வாசனைதான். இப்போதும் இருமுகிறாயா என்று மட்டும் பதில் எழுது.

அப்பா
தைஸ்தோ