வெள்ளைப் பூ வரும்வரை

மே 6, செவ்வாய். ஆம்ஸ்டர்டாம்

மழை இல்லை, மழை மாதிரி ஒன்று. மூக்கு நுனி மட்டும் நனைகிறது. காலையில் ராகிக்களி. மருமகன் கத்தியால் வெட்டிச் சாப்பிட்டார். நல்ல பிள்ளை.

அக்குள் கட்டி: அதே நெல்லிக்காய் அளவு. இன்று நான்கு முறைதான் தொட்டுப் பார்த்தேன். முன்னேற்றம். நாமக்கல்லில் ஊசி போட்டு எடுத்த சதைக்கு நாளை ரிப்போர்ட். தங்கச்சி செல்லம்மா மலையிறங்கிப் போய் வாங்குவாள். வேறு யாருக்கும் தெரியாது. ஊட்டுக்காரரிடம் சொன்னால் மாட்டுக்கும் சொல்லிவிடுவார். மகள் கவிதாவிடம் சொன்னால் அழுவாள், நான் சிரிக்க வைக்க வேண்டும். எங்கள் மலையூர் வளப்பூர் பஸ்ஸில் ஊர் வம்பெல்லாம் என் வாய் வழியாகத்தான் ஏறும். சொந்த வம்பு மட்டும் தொண்டையிலேயே.

மே 7, புதன்

வெயில்! கவிதா லீவு. தேசிய ஓவிய மியூசியம். கோட்டு, குடை, பை எல்லாம் வாசலில் வாங்கிக்கொண்டார்கள். போனை மட்டும் ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டேன்.

பார்த்தவை: சம்பந்தி வீட்டில் மரியாதை குறைந்த முகத்தோடு கறுப்புச் சட்டை ஆண்கள். கப்பல். மாடு. மறுபடி கப்பல். ஒரு சாப்பாட்டு மேசைப் படத்தில் காகிதச் சுருள் நிறைய மிளகு. சரியாகக் காயவில்லை.

பிறகு பூ அறைகள். சுவரெல்லாம் பூச்சாடிப் படம். புத்தி நேரே பூவாக்குக்குப் போனது. ஊரில் ஒன்று நல்லபடி முடியுமா என்று கேட்க அம்மன் முன் வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்பு ஒரு பொட்டலம். விவரம் தெரியாத குழந்தை ஒன்றை எடுக்கும். வெள்ளை வந்தால் நல்லது. இங்கே அம்மனும் இல்லை, குழந்தையும் இல்லை. தாடிக் காவலர் இருந்தார். தமிழ் தெரியாது. விவரம் தெரியாதவர் கணக்கில் சேரும்.

வெள்ளைப் பூ படம் ஒன்று, சிவப்பு ஒன்று காட்டி, "விச் ஒன், சார்?"

யோசித்து, சிவப்பு.

தாடிக்கு என்ன தெரியும்? அடுத்த அறை. கண்ணாடி போட்ட அம்மாள். சிவப்பு. மூன்றாவது அறையில் வயசான காவலர். இந்த முறை சிவப்பை முதுகால் மறைத்துக்கொண்டு கேட்டேன். வெள்ளை! கும்பிட்டேன். அவரும் கும்பிட்டார்.

"ஏம்மா, வாட்ச்மேன் எல்லார்கிட்டயும் என்ன கேக்கறே?" கவிதா.

"பாத்ரூம், கண்ணு."

"மூணு பேர்த்துகிட்டயா?"

அப்போது ஜாக்கெட் அதிர்ந்தது. தள்ளிப் போய் எடுத்தேன். செல்லம்மா.

"அக்கா, வெறுங் கொழுப்புக் கட்டியாம். பயப்பட ஒண்ணுமில்லைங்கறாரு டாக்டரு."

"நல்லாக் கேட்டியாடி?"

"ரெண்டு வாட்டி கேட்டுட்டேன். உனக்குக் கொழுப்புன்னு ஊருக்கே தெரியும், இதுக்கெதுக்கு டெஸ்ட்டு?"

எதிரே ஒரு மாட்டுப் படம். அதைப் பார்த்தபடியே பொலபொலவென்று அழுதேன். கவிதா ஓடி வந்து தோளை அணைத்துக்கொண்டாள்.

"இவ்வளோ ரசனை இருக்குன்னு தெரியாமப் போச்சேம்மா."

மே 8, வியாழன்

ரசனைக்குத் தண்டனை: இன்னொரு மியூசியம். இரண்டாம் மாடியில் கால் தாங்காமல் உண்மையைச் சொல்லிவிட்டேன். கவிதா என் கையைப் பிடித்தாள். அரை மணி விடவில்லை. பிறகு:

"அப்போ அந்த மாடு?"

"மாடு நல்லாத்தான் இருந்துச்சு, சாமி."

இன்று கட்டியைத் தொட்டது: பூஜ்யம்.

மே 20, செவ்வாய். வளப்பூர்

மழை. முழு ஆளும் நனைகிற மழை. ஜெட்லாக், பலாப்பழம், வயிற்றுக் கோளாறு, அதே வரிசையில்.

செல்லம்மாவோடு அம்மன் கோவில். கையில் மன்னிப்புத் தேங்காய் ஒன்று. மியூசியத்தில் செய்த மோசடியைச் சொன்னேன். சிரிப்பாள் என்று பார்த்தால் தரையைப் பார்க்கிறாள்.

"நீ பிளேன் ஏறின அன்னிக்கு நானும் இங்க கேட்டேன்க்கா. செகப்பு வந்துச்சு."

"சொல்லவே இல்லையேடி!"

"எப்படிச் சொல்றது? மறுக்காவும் கேட்டேன். செகப்புத்தான்."

"அப்புறம்?"

"மூணாவது வாட்டி ரெண்டு பொட்டலத்துலயும் வெள்ளையே வெச்சுட்டேன்."

இன்னொரு தேங்காய் வாங்கக் கடைக்கு ஓடினேன்.