மூன்றாம் எண் பொத்தான்

ஜனவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நீயும் மாமாவும் எப்படி இருக்கிறீர்கள்? மாமாவுக்கு முதுகுவலி விட்டதா? போனில் பேசினால் மூன்றாவது நிமிடமே நமக்குள் முட்டிக்கொள்கிறது. காகிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன்.

நான் எழுதும் 'எட்டாவது கலம்' தொடர் ஆட்டம் கண்டுவிட்டது. முதல் பாகத்தில் எங்களிடம் ஒன்றுமே இல்லை. பத்தொன்பது பேர், ஒரு விண்கலம், குறைந்துகொண்டே வரும் காற்று, அவ்வளவுதான். கலத்தின் சுவரே ஃபிரிட்ஜ் கடைக்குப் பின்னால் பொறுக்கிய தெர்மக்கோல். ஆனால் போன வாரம் உடைந்த குழாய் இந்த வாரமும் உடைந்தே இருக்கும். ஜனங்கள் அதை நம்பினார்கள். இப்போது இரண்டாம் பாகத்தில் நிஜமான செட் இருக்கிறது, பச்சை பெயின்ட் அடித்த வேற்றுக்கிரகவாசிகள் இருக்கிறார்கள், போன மாதம் ஒரு காதல் பாட்டு கூட வைத்தோம். பார்ப்பவர்கள்தான் குறைகிறார்கள். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கான கதை.

வாராவாரம் சேனல் மேலாளர் ஓர் அறிக்கை காட்டுகிறார். சில வீடுகளில் மட்டும் பெட்டி வைத்து, யார் எதைப் பார்க்கிறார்கள் என்று எடுப்பார்களே, அது. எல்லா வயதுக்காரர்களின் கோடும் கீழே போகிறது. அறுபது தாண்டிய ஆண்களின் கோடு மட்டும் அசையவில்லை. அந்த வயதில் பெட்டி உள்ள வீடுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆனாலும் மற்றதெல்லாம் சரியும்போது நேராக நிற்கும் ஒரு கோட்டை யார் விடுவார்கள்? "வயசானவங்கதான் நம்மள விட்டுப் போகல. அவங்களுக்கு அந்தப் பெரியவரைத்தான் பிடிக்கும். அவரைத் திரும்பக் கொண்டு வாங்க" என்கிறார் மேலாளர்.

பெரியவர் யாரென்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. கலத்தின் மெக்கானிக். அவர் வாயில் நான் வைத்ததெல்லாம் நம் அப்பா லிஃப்ட் ரிப்பேர் செய்துகொண்டே சொன்னவை. முதல் பாகத்தின் முடிவில், மற்றவர்களைக் காப்பாற்ற வெளியே நின்று கதவை மூடிவிட்டுச் செத்துப்போனார். செத்தவரை எப்படிக் கூட்டி வருவது?

அப்பா இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்? அந்த முடிவை உன் பக்கத்தில் உட்கார்ந்துதானே பார்த்தார். ஏதாவது சொன்னாரா? இரண்டு வாரத்தில் நான் மேலாளருக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

உன் தம்பி,
திருகாணி


ஜனவரி 16

அன்புள்ள திருகாணிக்கு,

நான்கு வயதில் ரேடியோவைப் பிரித்து ஒரு திருகாணியை விழுங்கி, அது வெளியே வரும்வரை வீட்டில் எல்லோரையும் இரண்டு நாள் காவல் இருக்க வைத்தவன் நீ. இன்றைக்கு விண்கலம் ஓட்டுகிறாய். ஓட்டு.

மாமாவுக்கு முதுகு தேவலை. கண்ணாடிக் கடையில் எனக்கு நிற்க நேரமில்லை. பரீட்சை வருகிறதென்றால் எல்லாப் பிள்ளைகளுக்கும் திடீரென்று எழுத்து மங்கிவிடும். பாதிப் பேருக்கு நான் சும்மா கண்ணாடியைத் துடைத்தே அனுப்பி வைக்கிறேன்.

நீ கேட்டதற்கு வருகிறேன். அப்பா எதுவும் சொன்னதாக எனக்கு ஞாபகம் இல்லை. பார்த்தார், எழுந்து போய்ப் படுத்தார். மறுநாள் காலையில் நெஞ்சு வலிக்கிறது என்றார். அதற்குப் பிறகு பதினேழு நாள் படுக்கையில் இருந்தார். வந்திருந்தால் நீயே கேட்டிருக்கலாம். நீ பதினெட்டாம் நாள் வந்தாய். இதைச் சொல்லக்கூடாது என்று நினைத்துத்தான் பேனாவை எடுத்தேன். பார், எழுதிவிட்டேன்.

மேலாளர் நாலும் தெரிந்தவர். எனக்கு என்ன தெரியும்? அவர் சொல்கிறபடியே செய்.

வேளாவேளைக்குச் சாப்பிடு.

அக்கா


பிப்ரவரி 24

அன்புள்ள அக்காவுக்கு,

பெரியவரைத் திரும்பக் கொண்டுவந்துவிட்டேன். அந்த நடிகர் வாரத்துக்கு ஒரு மணி நேரம்தான் தருவேன் என்றார். அதனால் குரல் மட்டும். மூடிய கதவுக்குப் பின்னால், காற்றே இல்லாத பகுதியில், அவர் உயிரோடு இருக்கிறாராம். உள்பேசி வழியாகப் பேசுகிறார். இந்தப் பக்கம் இருக்கிற பதினெட்டுப் பேரும் தங்கள் காற்றில் ஒரு பங்கைக் குழாய் வழியாக அவருக்கு அனுப்புகிறார்கள். எப்படிப் பிழைத்தார் என்று மட்டும் கேட்காதே. எனக்கே தெரியாது.

முதல் வாரம் எல்லோரும் வந்து பார்த்தார்கள். மேலாளர் கேக் வெட்டினார். மூன்றாம் வாரம் பாதிப் பேரைக் காணோம். ஓர் ஆசிரியை எழுதியிருந்தார்: "முன்பெல்லாம் கத்தியைக் கீழே வைத்துவிட்டுப் பார்ப்பேன். இனிமேல் உங்கள் கலத்தில் யாருக்கு ஆபத்து வந்தாலும் காய் நறுக்கிக்கொண்டே பார்க்கலாம்." இந்த மாதிரித் தொடர்கள் சில ஏன் ஓடுகின்றன, சில ஏன் படுத்துவிடுகின்றன என்று எழுத்தறையில் ஆறு பேர் மாதக்கணக்கில் பேசியிருக்கிறோம். அந்த அம்மா இரண்டு வரியில் முடித்துவிட்டார். அப்பா அதற்கும் முன்னால் முடித்துவிட்டார். "லிஃப்ட் வராம கதவு திறந்துச்சுன்னா அது லிஃப்ட் இல்லடா, கிணறு" என்பார். விண்கலம் பறக்கும் என்று சொன்னால் நம்புகிறார்கள். கதவு திறக்காது என்று சொல்லிவிட்டு நாமே திறந்தால் எழுந்து போய்விடுகிறார்கள்.

அந்த அறுபது தாண்டியவரின் கோடு மட்டும் இன்னும் நிற்கிறது. உற்றுப் பார்த்தால் அது அநேகமாக ஒரே ஆள். ஏழு மணிக்கு இரண்டு நிமிடம் முன்பே வந்துவிடுகிறார். கடைசிப் பெயர் ஓடி முடிந்த பிறகுதான் போகிறார். அவருக்கு 'ஒற்றைப் பெரியவர்' என்று பெயர் வைத்திருக்கிறோம். யாரோ தெரியவில்லை, மனுஷன் நன்றாக இருக்கட்டும். அவருக்காகவாவது எழுதலாம் என்று தினமும் உட்காருகிறேன்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். மேலாளர் கேட்டதற்காக மட்டும் நான் இதைச் செய்யவில்லை. அப்பா தன் வார்த்தைகளைப் பேசிய ஒரு மனிதன் சாவதைப் பார்த்தார். மறுநாள் படுத்தார். பெற்ற மகன் தன்னைக் கொன்று டிவியில் காட்டிவிட்டான் என்று நினைத்துக்கொண்டேதான் போயிருப்பார். திரும்பக் கொண்டுவந்தால் அந்தப் பாவம் கொஞ்சம் தீரும் என்று நினைத்தேன். தீரவில்லை.

அடுத்த மாதம் தொடரை நிறுத்தக்கூடும் என்கிறார்கள்.

திருகாணி


மார்ச் 4

தம்பி,

உன் கடிதத்தைக் கடையில் வைத்துப் படித்தேன். அதற்குப் பிறகு வந்த ஒருவருக்கு இடது கண் நம்பரை வலது கண்ணுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, பஸ் ஸ்டாப் வரை ஓடிப்போய்ச் சீட்டைத் திரும்ப வாங்கி வந்தேன். இனியும் மென்று விழுங்க என்னால் முடியாது.

உன் ஒற்றைப் பெரியவர் நம் வீட்டு மூன்றாம் எண் பொத்தான்.

நான்கு வருடமாக நம் டிவிக்குப் பின்னால் அந்தப் பெட்டி இருக்கிறது. வைக்க வந்தவர்கள், "சொந்தக்காரங்க யாராவது டிவியில வேலை பார்க்கிறாங்களா?" என்று கேட்டார்கள். அப்போது நீ மெத்தை விளம்பரம் எழுதிக்கொண்டிருந்தாய். இல்லை என்றேன். வெளியில் யாரிடமும் சொல்லக்கூடாது என்பது நிபந்தனை. உன் தொடர் வந்ததும் பெட்டியை எடுத்துப் போகச் சொல்லியிருக்க வேண்டும். அப்பாதான் விடவில்லை. "நம்ம பயலுக்கு என் ஓட்டு" என்று அவருக்கு ஒரே பெருமை. அந்தப் பெட்டிக்கென்று தனி ரிமோட். மாமா ஒன்று, நான் இரண்டு, அப்பா மூன்று. டிவி முன்னால் உட்காருகிறவர் தன் எண்ணை அழுத்த வேண்டும். வெள்ளிக்கிழமை ஏழு மணிக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போதே அப்பா வந்து உட்கார்ந்து, "என்னைப் போட்டியா?" என்பார். "போட்டாச்சுப்பா" என்பேன். கடைசியில் உன் பெயர் ஓடி முடியும்வரை எழுந்திருக்க மாட்டார்.

அவர் போன பிறகு பெட்டிக்காரர்கள் போன் செய்து, வீட்டில் ஏதாவது மாற்றம் உண்டா என்று கேட்டார்கள். இல்லை என்று சொல்லிவிட்டேன். உண்டு என்றால் மூன்றை எடுத்துவிடுவார்கள். செப்டம்பரில் உன் இரண்டாம் பாகம் தொடங்கிய அன்று கை தானாக மூன்றை அழுத்தியது. அடுத்த வாரம் தானாக அழுத்தவில்லை, நான்தான் அழுத்தினேன். எனக்கு அந்தப் பச்சை மனிதர்களைப் பிடிக்கவில்லை. மூன்றைப் போட்டுவிட்டுத் துணி இஸ்திரி போடப் போய்விடுவேன். உன் பெயர் ஓடியதும் வந்து அணைப்பேன். ஆறு மாதமாக உன் தொடரைப் பார்த்தது அப்பாவின் நாற்காலி.

இது ஒரு தப்பு. இதைவிடப் பெரியது இன்னொன்று. ஜனவரியில் உனக்குப் பொய் எழுதினேன். பெரியவர் கதவை மூடிச் செத்தபோது அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "சரியாச் செத்தான்" என்றார். "கதவைத் திறந்து உள்ள விட்டிருந்தா நான் இனிமே பார்த்திருக்கவே மாட்டேன். பய கத்துக்கிட்டான்." படுக்கையில் இருந்தபோது ஊசி போட வந்த நர்ஸிடமும் அந்தக் காட்சியைச் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார். உன்மேல் அவருக்குத் துளி வருத்தம் கிடையாது.

வருத்தம் எனக்கு இருந்தது. நீ வரவில்லை என்ற கோபத்தில் அந்த வார்த்தையை உனக்குத் தராமல் வைத்துக்கொண்டேன். நீ நேராகக் கேட்டபோதும் தரவில்லை. அது உன் கையில் இருந்திருந்தால் மேலாளரிடம் முடியாது என்று சொல்லியிருப்பாய். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் செய்கிறேன், கண்ணாடிக் கடைக்காரி.

என்னைத் திட்டி எழுது. எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

அக்கா


மார்ச் 13

அக்கா,

மூன்று முறை எழுதிக் கிழித்தேன். இது நான்காவது.

நேற்று செட்டைப் பிரிக்கத் தேதி குறித்துவிட்டார்கள். இன்னும் ஐந்து வாரம் படப்பிடிப்பு, அதோடு சரி. லைட் போடுகிறவருக்குப் போன மாதம்தான் குழந்தை பிறந்தது. பச்சை பெயின்ட் அடிக்கும் அம்மா வேறு எங்காவது வேலை இருக்கிறதா என்று என்னிடம் கேட்கிறார். மொத்தம் நாற்பது பேர். நான் பதினேழு நாள் வராததற்குத் தண்டனை கொடுத்தாய், சரி. அது எனக்கு மட்டும் விழவில்லை.

அப்பா சொன்ன ஒரு வார்த்தை. பத்து மாதம். நான் கேட்ட பிறகும்.

எனக்கு இப்போதைக்கு எழுதாதே.


ஏப்ரல் 6

தம்பிக்கு,

எழுதாதே என்றாய். இதைக் கடிதமாக எடுத்துக்கொள்ளாதே. உன் சாமானைத் திருப்பி அனுப்புகிறேன், கூடவே ஒரு சீட்டு.

பெட்டி அலுவலகத்துக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். ஒருவர் வந்து கழற்றினார். "ஆறு மாசமா மூணாம் நம்பர்ல யாரு பார்த்தது?" என்று கேட்டார். "யாரும் இல்லைங்க" என்றேன். அதை அப்படியே எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார். யாரும் இல்லை என்று நான் எழுத்தில் ஒப்புக்கொண்டது அன்றைக்குத்தான். அவர் போன பிறகு அழுதேன். மாமா வந்து டிவிக்குப் பின்னால் இருந்த தூசியைத் துடைத்தார், வேறு என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை.

லிஃப்டுக்குள் மாட்டும் பரிசோதனை அட்டை ஒன்றை அப்பா உன் தொடருக்கு வைத்திருந்தார். தேதி, பழுது, கையெழுத்து. ஒவ்வொரு வெள்ளிக்கிழமைக்கும் ஒரு வரி. 'கட்டு இடது கையில் இருந்தது, அடுத்த காட்சியில் வலது கை.' 'காற்றழுத்தமானி முள் அசையவில்லை.' கடைசி வரியை நீயே பார். இதைத் தேடிக் கண்டெடுத்தேன் என்று கதை விட மாட்டேன். என் பீரோவில்தான் இருந்தது, முதலிலிருந்தே.

அந்த நாற்பது பேரிடமும் என்னால் மன்னிப்புக் கேட்க முடியாது. உன்னிடம் கேட்கிறேன். பதில் வேண்டாம்.

அக்கா


மே 3

அன்புள்ள அக்காவுக்கு,

அட்டை கிடைத்து மூன்று வாரத்துக்கு மேல் ஆகிறது. கடைசி வரி: 'பழுது இல்லை.' கீழே அவர் கையெழுத்து. முப்பது வருடத்தில் எத்தனை லிஃப்டுக்கு அவர் அப்படி எழுதியிருப்பார் என்று நினைக்கிறாய்? எனக்குத் தெரிந்து ரொம்பக் குறைவு.

உன்னைத் திட்டியது பாதிதான் நியாயம். மீதியை நான் சொல்லாமல் ஒளித்திருந்தேன். அந்தப் பதினேழு நாளும் இரண்டாம் பாகத்துக்கு ஒப்பந்தம் பேசிக்கொண்டிருந்தேன் என்று உன்னிடம் சொன்னேன் அல்லவா, ஒப்பந்தம் இரண்டே நாளில் முடிந்துவிட்டது. ஐந்தாம் நாள் டிக்கெட் எடுத்தேன். ரத்து செய்தேன். பத்தாம் நாள் மறுபடி எடுத்தேன், அதையும் ரத்து செய்தேன். "என்னை ஏன்டா கொன்னே?" என்று கேட்டுவிடுவாரோ என்று பயம். அவர் என்னை மெச்சிக்கொண்டு கிடந்திருக்கிறார், நான் அவருக்குப் பயந்து அறைக்குள் உட்கார்ந்திருந்தேன். வந்திருந்தால் அந்த வார்த்தை உன்னிடம் தங்கியிருக்காது, நேராக என்னிடம் வந்திருக்கும். வாங்கிக்கொள்ள வராதவன் நான். இதற்கு உன்னை நோவது அநியாயம்.

கடைசி வாரத்தை எழுதி, படப்பிடிப்பும் முடிந்துவிட்டது. தலைக்கு மேல் வெள்ளம் போன பிறகு சாண் என்ன, முழம் என்ன என்று மேலாளர் குறுக்கே வரவில்லை. பெரியவர் மூடிய கதவை அவர்கள் திறக்கவில்லை. கண்ணாடி வழியாக விளக்கு அடித்துப் பார்க்கிறார்கள். உள்ளே யாரும் இல்லை. கலத்தில் தினமும் ஆள் எண்ணும் பெண் ஒருத்தி உண்டு. அவள்தான் பெரியவரின் பழைய பதிவுகளை உள்பேசியில் ஓட விட்டு, பட்டியலில் அவர் பெயரையும் போட்டு வந்திருக்கிறாள். வெறும் அறைக்குக் காற்று போய்க்கொண்டிருந்தது. மற்றவர்கள் அவள்மேல் பாய்வார்கள் என்றுதான் முதலில் எழுதினேன். பிறகு மாற்றிவிட்டேன். ஒவ்வொருவராக வந்து அவள் பக்கத்தில் உட்காருகிறார்கள். அவள் பதினெட்டு என்று எழுதிக் கையெழுத்துப் போடுகிறாள். அப்பாவின் சட்டப்படி பார்த்தால் கதவு சரியாகிவிட்டது என்று நினைக்கிறேன்.

லைட் போடுகிறவருக்கும் பெயின்ட் அம்மாவுக்கும் வேறு இடம் கிடைத்துவிட்டது. மற்றவர்களுக்குத் தேடுகிறேன்.

அட்டையின் பின்பக்கத்தில் இரண்டாம் பாகத்தின் பழுதுகளையெல்லாம் எழுதியிருக்கிறேன். இடம் போதவில்லை, பொடி எழுத்தில் எழுதினேன். கடைசி வாரத்துக்கு ஒரு வரி காலியாக இருக்கிறது. அதில் நீதான் எழுத வேண்டும், பார்த்துவிட்டு, உள்ளதை உள்ளபடி.

வெள்ளிக்கிழமை ஒளிபரப்பு. நான் வியாழக்கிழமையே வருகிறேன். டிக்கெட் எடுத்துவிட்டேன், ரத்து செய்ய மாட்டேன். அப்பா நாற்காலியில் நான் உட்காருவதில் உனக்கும் மாமாவுக்கும் சம்மதம்தானே?

பெட்டி இல்லையென்று தெரியும். ஆனாலும் ஏழுக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது, "என்னைப் போட்டியா?" என்று கேட்பேன். போட்டாச்சு என்று சொல், அக்கா.

உன் தம்பி,
திருகாணி