கண்ணாடியில் ஒரு முதுகு

மார்ச் 4, 2024
மலேசியா, ஈப்போ. வெயில். முத்து முகம்மது அண்ணனின் சாப்பாட்டுக்கடை மாடி முன்பு போட்டோ ஸ்டூடியோவாம். அங்கே கிடந்த பெட்டியை எனக்கே கொடுத்துவிட்டார். கண்ணாடி நெகட்டிவ்கள். ஊர், ஈயச் சுரங்கம், ரப்பர்த் தோட்டங்கள்.
"எல்லாம் பேய் மாதிரி இருக்கு லா, துளசி. கீழ கொண்டு வராதே, கஸ்டமர் ஓடிருவான்."

மார்ச் 6
ஒரு கண்ணாடி. ஓரத்தில் கீறிய ஆண்டு: 1926. எங்கள் பழைய தோட்டத்து முனீஸ்வரன் கோயில். கல், சூலம், மரம். மரத்தில் ஒருவன் கட்டப்பட்டிருக்கிறான், முதுகைக் காட்டி. தலைப்பாகைக்காரன் பிரம்பை ஓங்கியிருக்கிறான்.
நெகட்டிவில் எல்லாம் தலைகீழ். கருப்பு முதுகு வெளிறிக் கிடக்கிறது. இரத்தம் வெறும் வெளிச்சம்.
கைப்பேசியில் எடுத்து நிறத்தைத் திருப்பினேன். முதுகு முழுக்கப் பிரம்புத் தடங்கள்.

மார்ச் 9
கோயிலை இடிக்க நோட்டீஸ். அது பழங்கோயில் இல்லை, பிற்பாடு கட்டியதாம்; நிலம் வாங்கிய கம்பெனி சொல்கிறது. இந்தப் படம் போதும் மறுக்க. கோயில் தலைவர் உடையப்பனும் மகன் தனேஷும் மாடிக்கு வந்தார்கள். கைப்பேசியைக் காட்டினேன்.
"அட, எங்க பாட்டன் லா! கங்காணி! இதே தலப்பாதான் வீட்டு படத்துலயும்," என்றார் உடையப்பன்.
அவர் விரல் பிரம்புவரை போனது. நின்றது.

மார்ச் 10
உதடு கிழிந்திருக்கிறது. எழுதணும். ரெண்டு பேரும் மறுபடி மாடிக்கு வந்தாங்க.
"கோயிலு நிக்கணும்னா அந்த ஆளு வேணாம்மா," என்றார் உடையப்பன்.
"அடிபட்டவன எடுத்துட்டு அடிச்சவன வைக்கணுமா, மாமா?"
தனேஷ் அறைஞ்சான். மறுபடியும். போனைத் தரையில போட்டு மிதிச்சான். என் கையை முறுக்கிப் பிடிச்சுக்கிட்டான். அவன் அப்பா கண்ணாடியை பிளேடால சுரண்டினார் — கட்டிப்போட்டவனோட முதுகை, காலை, கயித்தை. அப்புறம் பிரம்பை. மெல்ல. செத்தவனை இன்னொரு தரம் உரிக்கிற சத்தம். நான் கத்தினேனா? தெரியல.
"சுத்தமா போச்சு பாரு. இப்ப பெரிசா பிரிண்ட் போடு," என்றார்.
கண்ணாடியில் வெறுமை என்றால் தாளில் கருப்பு. அவர்களுக்குத் தெரியாது. நான் சொல்லவில்லை.
முத்து முகம்மது அண்ணன் ஐஸ் கொண்டுவந்தார். "போலீஸ்ல சொல்லுமா. நானும் வாரேன்."
கோயில் விஷயம் முடியட்டும் என்றேன். கோழையா?

மார்ச் 13
பிரிண்ட் போட்டேன். மரத்தடியில் ஆளுயரக் கருப்பு.

மார்ச் 15
கோயிலில் படத்தைப் பிரித்தேன். உடையப்பன் முகம் வெளுத்தது. அதற்குள் கும்பிட வந்திருந்த மங்களம் அக்கா அலறினார்: "முனீஸ்வரன்! ஐயா நிக்கிறாரு!"
எல்லோரும் விழுந்து கும்பிட்டார்கள். பிரம்பு அந்தக் கருப்பில் கரைந்த பிறகும் கங்காணியின் கை உயர்ந்தே இருக்கிறது.
"எங்க கொள்ளுத்தாத்தா கும்புடுறாரு பாருங்க!" என்றான் தனேஷ்.
உண்மை தொண்டைவரை வந்தது. வேலிக்கு வெளியே மண்வாரி இயந்திரம் நின்றது. விழுங்கினேன்.

ஏப்ரல் 2
நில அலுவலகம் படத்தை ஏற்றுக்கொண்டது. இடிக்கமாட்டார்கள். மாலையில் அண்ணனுடன் போய், அறைந்ததற்குப் புகார் கொடுத்தேன்.

ஏப்ரல் 14
புத்தாண்டு. கோயிலில் கூட்டம். படத்துக்குச் சட்டம் போட்டு, மாலை போட்டு, கருப்பு உருவத்தின் தலையில் குங்குமம் அப்பியிருந்தார்கள். பூசாரி மஞ்சள் தண்ணீர் தெளித்தார். குங்குமம் கரைந்து வழிந்தது. முதுகில். கோடு கோடாக.
துடைக்கத் துணியோடு தனேஷ் கையை ஓங்கினான்.
"தொடாதே," என்றேன். எல்லோருக்கும் கேட்டது.
திரும்பி என்னைப் பார்த்தான். பிறகு படத்தை. கை அப்படியே நின்றது, படத்தில் அவன் கொள்ளுத்தாத்தாவின் கையைப் போல.