படியேறும் கிழவர்

அன்புள்ள டீச்சரம்மாவுக்கு,

சுகம்தானே? மாத்திரையை மறந்துவிடாதே.

ஓய்வு பெற்றும் எனக்குத் திருத்தும் வேலைதான். எங்கள் பள்ளியில் அனிமேஷன் படிக்க விரும்புகிறவர்கள் தாங்களே செய்ததாக அனுப்பும் டெமோ ரீல்களில், அதாவது மாதிரிப் படங்களில், திருட்டைக் கண்டுபிடிக்க வேண்டும். எங்கள் வரவேற்பு மேசைப் பெண்ணும் அனுப்பியிருந்தாள். அவள் அசையவிட்ட உருவங்கள் எல்லாம் சுமார். படியேறும் கிழவர் மட்டும் அப்படியே உயிரோடு இருந்தார். எப்போதும் முப்பது வாங்குகிறவன் திடீரென்று நூறு வாங்கினால் நீ சும்மா விடுவாயா?

"எங்கேம்மா சுட்டே?"

"ஐயோ சார், அது நீங்கதான்! இடது காலை இழுத்துக்கிட்டு வருவீங்க. முதல் படியில நின்னு போனைப் பாப்பீங்க. அப்புறம்தான் ஏறுவீங்க."

நம்பாமல் ஒருமுறை ஏறிப் பார்த்தேன். இழுக்கத்தான் செய்கிறது. அவளைத் தேர்வு செய்துவிட்டேன்.

வலி பெரிதாக ஒன்றுமில்லை. முழங்கால் தைலம் மட்டும் அனுப்பு. முடிந்தால் காலையில், நான் படியேறுவதற்குள், ஒரு வார்த்தை பேசு.

வண்டி வந்துவிட்டது.

உன் வாத்தியார்