காது மெஷின் கடைக்கு அனுமதி

பெரியவனின் அம்மாவுக்கு,

நான் நலம். உன் முழங்கால் வலி குறைந்ததா?

ஊரடங்கில் அத்தியாவசியக் கடைகள் மட்டுமே திறக்கலாமாம். நான் வேலை செய்யும் காது மெஷின் ரிப்பேர் கடைக்கு அதிகாரி வந்து, "இது அத்தியாவசியமா, பெரியவரே?" என்றார். மூடினால் வேலை போகும் என்று தெரிந்தும், "உறுதியாச் சொல்லத் தெரியலைங்க" என்றுவிட்டேன்.

சரிசெய்த மெஷினை அப்போதுதான் மாட்டியிருந்த ஓர் அம்மாள் பொங்கிவிட்டார். "இத்தனை நாள் உதட்டைப் பார்த்துச் சமாளிச்சேன். இப்ப எல்லாரும் மாஸ்க் போட்டுட்டீங்க. இவரும் கடையைச் சாத்திட்டா எனக்கு ஊரே ஊமைதான்யா!"

அதிகாரி சிரித்தபடி அனுமதி கொடுத்தார். அந்த அம்மாள் நன்றாக இருக்கட்டும்.

ஒரு சின்ன உதவி. மெஷின்களைச் சோதிக்க ஒரு குரல் தேவைப்படுகிறது. மருமகளிடம் சொல்லி, நீ பேசுவதைச் செல்போனில் பதிவு செய்து அனுப்பு. என்னைத் திட்டினாலும் சரி. கொஞ்சம் நீளமாகத் திட்டு.

கடைக்கு ஆள் வந்துவிட்டார், நிறுத்துகிறேன்.

உன் வீட்டுக்காரர்