வெறும் நெற்றியோடு உட்கார மாட்டேன்

1991 மார்ச் 4, திங்கள்

காலையிலிருந்து மழை. கிள்ளான் பஸ் நிலையத்தில் முழங்கால் வரை நனைந்தேன். ஆபீசில் அரைநாள் லீவு. வக்கீல் முகம் சுளித்தார். சுளிக்கட்டும். டைப் அடிக்கிறவளுக்குக் கண் வேண்டாமா?

பிரிக்ஃபீல்ட்ஸ் கண் கிளினிக். போன வாரம் எடுத்த படம் கெட்டுப்போயிற்றாம், திரும்ப வரச் சொன்னார்கள். எனக்குக் குளுக்கோமா, கண் அழுத்த நோய். வலது கண்ணில் ஓரப் பார்வை ஏற்கெனவே போய்விட்டது. இடது கண் நரம்பின் படத்தைப் போன வருடப் படத்தோடு ஒப்பிட்டுத்தான், கத்தி வைப்பதா, சொட்டு மருந்தே போதுமா என்று டாக்டர் முடிவு செய்வார். ஏதோ ஆராய்ச்சியும் நடக்கிறது. என் கண்ணும் அதில் சேர்த்தி.

படம் கெட்டதற்குக் காரணம் என் திருநீறு. கேமராவில் நெற்றியை வைக்கும் பட்டையில் அழுத்தியபோது உதிர்ந்து லென்ஸில் விழுந்திருக்கிறது. படம் முழுக்க வெள்ளைப் புள்ளிகள். சுவரில் புது அறிவிப்பு, தமிழில் மட்டும்: திருநீற்றை அழித்துவிட்டு உட்காரவும். முகத்தில் பவுடர் அப்பி வருகிறவர்களுக்கு ஒன்றும் இல்லை.

நர்ஸ் மிஸ்ஸி சொன்னார்: "அழிச்சிட்டு உக்காருங்கக்கா. முடிஞ்சதும் திரும்ப வச்சுக்கலாம் லா."

"அழிக்க மாட்டேன்."

"அப்ப படம் எடுக்க முடியாது."

"எடுக்காதீங்க."

எழுந்து வந்துவிட்டேன். கண்ணில் மருந்து விட்டிருந்ததால் வெளியே ஒரே கூச்சம். பஸ் நம்பர் தெரியவில்லை. ஒரு சீனப் பெண்ணைக் கேட்டு ஏறினேன்.

மார்ச் 5, செவ்வாய்

தலைவலி. ரசம், அப்பளம். துணி காயவில்லை.

துடைப்பது ஒரு நொடி வேலை. எனக்குத் தெரியாதா? லென்ஸ் சுத்தமாக இருக்க வேண்டும், அதுவும் நியாயம். ஆனால் அந்த 'அழி'. என் வீட்டுக்காரர் போன பதினாறாம் நாள், ஒருத்தி என் கையைப் பிடித்துக்கொள்ள, அவருடைய அக்கா ஈரத்துணியால் என் பொட்டை அழித்தார். யாரும் என்னைக் கேட்கவில்லை. அதன் பிறகு நெற்றிக்கென்று மிஞ்சியது திருநீறு ஒன்றுதான். வெறும் நெற்றியோடு இனி யார் முன்னாலும் உட்கார மாட்டேன். மிஷின் முன்னாலும்.

ஷா ஆலமிலிருந்து மகன் போன். "பிடிவாதம் பிடிச்சு கண்ணக் கெடுத்துக்காதீங்கம்மா."

பயம்தான். இல்லாமல் என்ன? பார்வை போனால் அவன் வீட்டு மூலைதான் எனக்கு.

மார்ச் 7, வியாழன்

வாங்க: சோப்பு, பச்சை மிளகாய், டைப்ரைட்டர் ரிப்பன்.

தெங்கு கிளானா சாலைக் கடையில் ஸ்டிக்கர் பொட்டு அட்டைகள் தொங்கின. ஒட்டுவது. உதிராது. ரொம்ப நேரம் நின்றேன்.

கடைப் பெண்: "பொண்ணுக்கா ஆன்டி?"

"எனக்கு."

என் வெறும் கழுத்தைப் பார்த்தாள். பார்க்கட்டும். மெரூன், நடுத்தர அளவு. மிளகாய் மறந்துபோயிற்று.

மார்ச் 11, திங்கள்

நல்ல வெயில். திருநீற்றுக்குப் பதில் பொட்டோடு பஸ்ஸில். எதிர் வீட்டம்மா பார்த்துவிட்டார், இனி கிள்ளான் முழுக்கத் தெரியும். கை இரண்டு தரம் நெற்றிக்குப் போயிற்று. எடுக்கவில்லை.

படம் எடுக்கும் அஸ்மான், பட்டையை விரலால் தடவிப் பார்த்தார். தூள் இல்லை. "சாந்தேக், கக்கா" என்றார். அழகாம், அக்கா. நெற்றியை நன்றாக அழுத்தினேன். பளிச். பளிச்.

வரும்போது மிஸ்ஸியிடம், "பவுடரையும் சேத்து எழுதுங்க. எல்லா பாஷையிலயும் எழுதுங்க" என்றேன். அறிவிப்பைக் கழற்றினார்.

மார்ச் 18, திங்கள்

முடிவு. டாக்டர் போன வருடப் படத்தையும் இந்தப் படத்தையும் விளக்குப் பெட்டியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். நரம்பின் நடுவே ஒரு குழி. அது பெரிதானால்தான் ஆபத்து. இரண்டிலும் அதை ஸ்கேல் வைத்து அளந்தார்.

"பெருசாகல. கத்தி வேணாம். மருந்த மட்டும் விட்டுடாதீங்க."

வாசலுக்கு வந்து அழுதேன். சந்தோஷத்தில்தான். கச்சான் பூத்தே, அதான் வறுத்த கடலை, ஒரு பொட்டலம் வாங்கித் தின்றுகொண்டே பஸ்ஸுக்கு நடந்தேன்.

மார்ச் 19, செவ்வாய்

சாயங்காலம் நாத்தனார் வந்தார், அன்று என் பொட்டை அழித்த அதே அக்கா. காப்பியைத் தொடவில்லை. என் நெற்றியையே பார்த்தார்.

"கண்ணுக்காகன்னு சொன்னாங்க, சரின்னு விட்டேன். அதான் படம் எடுத்தாச்சே. இன்னும் எதுக்கு?"

"எதுக்கும் இல்ல அண்ணி. வச்சிருக்கேன்."