மூன்று தரம் சொன்ன வேண்டாம்

யூலை 6, ஞாயிறு

தண்ணி கொண்டுவாற பவுசர் வண்டி இன்றைக்கும் வரவில்லை. பின்னேரம் இரண்டு மட்டக்குதிரைகள் கல்வேலிக்கு மேலால் தலையை நீட்டிக்கொண்டு நின்றன. கிணற்றுத் தண்ணியை வாளியில் வைத்தேன். உப்பென்றும் பாராமல் குடித்துவிட்டுப் போயின.

மகன் வாகீசன் ஜேர்மனியில் இருந்து போன் எடுத்தவன். லீவுக்குக் குடும்பத்தோடு கிரேக்கத்தில் ஒரு சின்னத் தீவுக்குப் போகிறார்களாம். இரண்டு கிழமை.

"சின்னத் தீவெண்டா எவ்வளவு?"

"எங்கட நெடுந்தீவில அரைவாசி வரும் அம்மா."

"நல்லது. போயிட்டு வாங்கோ" என்றேன். சிரித்துக்கொண்டுதான் சொன்னேன்.

தீவில் பிறந்தவன் தீவு பார்க்கப் போறான்.

யூலை 8, செவ்வாய்

தண்ணி வந்தது. நாலு குடம்.

யூலை 14, திங்கள்

படங்கள் வந்தன. பக்கத்து வளவு மேரிஜோசப்பினும் நானும் இருந்து பார்த்தோம். வெள்ளை வீடு, நீலக் கதவு. கல்வேலி. ஆடு. ஒரு மரம்கூட இல்லாத வெட்டை.

"பூரணமக்கா, இது எங்கட மேற்குக் கரை மாதிரியெல்லோ கிடக்கு" என்றாள்.

"ஓம். சுண்ணாம்பு அடிச்சிருக்கு. அவ்வளவுதான் வித்தியாசம்."

பேத்தி கம்சிகா குரலைப் பதிந்தும் அனுப்பியிருந்தாள். பதின்மூன்று வயது. வகுப்பில் முதலாம் பிள்ளை, வயலினும் வாசிப்பாள். அந்தத் தீவு ஏன் நல்லதென்று சொல்லுகிறாள்: கார் ஓடாதாம், கழுதையில்தான் சாமான் ஏற்றுவார்களாம். கடல் கண்ணாடி மாதிரியாம். மீனைக் கரையிலேயே வாங்கலாமாம். காற்று ஆளைத் தூக்குமாம். இரண்டு தரம் கேட்டேன். இதில் எது எங்களிடம் இல்லை? இங்கே சோளகக் காற்று அடிக்கிற அடியில் குசினிக் கதவு நிற்குதில்லை. கழுதைக்குப் பதிலாகக் குதிரையே நிற்குது. கடல், இதை எழுதும்போதே காதில் கேட்குது.

ஒன்றும் பதில் அனுப்பவில்லை. கேட்டு வாங்கிற பழக்கம் எனக்கில்லை.

யூலை 19, சனி

அவர்கள் வாடகைக்கு இருக்கிற வீட்டுக்காரி ஒரு கிழவியாம். பெயர் கலியோப்பி. அத்திப்பழம் கொண்டுவந்து குடுத்தாளாம். கம்சிகாவுக்குத் தலை பின்னி விட்டாளாம். படம் வந்திருக்கு. பிள்ளை அவளை 'யாயா' என்று கூப்பிடுகிறாள். அந்த ஊரில் அம்மம்மா, அப்பம்மா எல்லாருக்கும் அதுதான் சொல்லாம்.

யாயாவாம்.

பின்னல் வடிவுதான். ஆனா வகிடு கோணல். நான் எடுத்தா நேரா வரும். அந்தத் தலையில நான் கை வைச்சு ஒன்பது வருசம். அப்ப அவளுக்கு நாலு வயசு. ஒன்பது வருசம் என்ன, இவ்வளவு கெதியாப் போறதோ?

இண்டைக்குச் சமைக்கேல்லை. பாண்.

யூலை 23, புதன்

நாளைக்கு ஆடி அமாவாசை. என் மனுசனுக்குப் படைக்கக் காத்தோட்டிக்காய் பிடுங்கப் போனேன். தகப்பன் செத்தவர்கள் விரதம் பிடிக்கிற நாள். அந்தக் கைப்புக்காய்ப் பொரியல் இல்லாமல் படையல் இல்லை. செடி முழுக்க வளைஞ்ச முள்ளு. மேரிஜோசப்பின் தடியால் கொப்பை இழுத்துப் பிடித்தாள்.

"அண்ணை உயிரோட இருக்கேக்க இனிப்பாக் குடுத்தனீங்களோ, இப்பக் கைப்புக்காய் குடுக்க?"

"அப்பவும் இதைத்தான் குடுத்தனான். அதுதான் பழகிப்போச்சு."

இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் என் கையில் முள் ஏறிவிட்டது.

விரதம் பிடிக்க வேண்டியவன் மகன். அவன் அங்கே கடலில் நீந்திக்கொண்டிருப்பான். நினைவுபடுத்த மாட்டேன். நான் சொல்லித்தான் தகப்பனை நினைப்பானென்றால் அந்த நினைப்பு வேண்டாம்.

யூலை 24, வியாழன்

சோறு, பருப்பு, பூசணிக்காய், காத்தோட்டிக்காய். படைத்து, காகத்துக்கு வைத்துவிட்டுச் சாப்பிட்டேன். ஒரு ஆளுக்கு அளவாய்ச் சமைக்க இன்னும் பழகவில்லை. மிச்சம் மேரிஜோசப்பின் வீட்டுக்குப் போனது.

மூன்று மணிபோல வாகீசன் வீடியோவில் வந்தான். போனைத் திருப்பி ஒரு மதிலைக் காட்டினான். கல்லுக்குள்ளே இருந்து ஒரு முள்ளுச் செடி.

"அம்மா, இது என்ன, சொல்லுங்கோ பாப்பம்."

"காத்தோட்டி மாதிரிக் கிடக்கு. இலைதான் உருண்டை."

"அதின்ர சாதிதான். இந்த மனுசி காயைப் பிடுங்கி உப்புத் தண்ணியில போட்டு வைச்சிருக்கிறா. ஒரு போத்தல் கேட்டு வாங்கினனான். பொரிச்சு, சோறோட ஐயாவுக்குப் படைச்சிட்டுத்தான் இப்பச் சாப்பிட்டனான்."

"உப்பைக் கழுவினனியோ?" என்று மட்டும் கேட்டேன்.

அதோடு நின்றிருக்கலாம். கம்சிகா போனைப் பறித்தாள்.

"அப்பம்மா, நாங்கள் வெளிக்கிட முதல் பேப்பரில எழுதிப் பாத்தனாங்கள். ஒரு பக்கம் இந்தத் தீவு, மற்றப் பக்கம் உங்கட தீவு."

"எந்தப் பக்கம் கூட?"

"கடல் ரெண்டிலயும் இருக்கு. வெயில் ரெண்டிலயும் இருக்கு. குதிரை இருக்கிறதால உங்களுக்கு ஒண்டு கூட."

"அப்ப ஏன் பிள்ளை அங்க போனனீங்கள்?"

"யாயா வாங்கோ எண்டு எழுதினவா. நீங்கள் வரவேண்டாம் எண்டு சொன்னனீங்கள். அது சும்மா சொல்லுறது எண்டு அப்பா சொன்னவர். மூண்டு தரம் சொன்னா அது சும்மா இல்லை எண்டு அம்மா சொன்னவா."

பின்னால் மருமகள் சயந்தினி "கம்சிகா!" என்று அதட்டினது கேட்டது. அதோடு போன் கட்டாகிவிட்டது.

யூலை 25, வெள்ளி

ஓம், சொன்னனான். சித்திரையில அவன் வரட்டோ எண்டு கேக்கேக்க, 'இந்த வெயிலுக்க என்னத்துக்கு வாறியள், தண்ணியும் இல்லை.' பிறகு, 'பிள்ளைக்கு இஞ்சத்தைக் கக்கூஸ் சரிவராது.' பிறகு, 'எனக்கென்ன குறை, நீங்கள் உங்கட பாட்டைப் பாருங்கோ.' ஒவ்வொரு தரமும் 'இல்லையம்மா, நாங்கள் வரத்தான் போறம்' எண்டு சொல்லுவான் எண்டு பாத்துக்கொண்டு இருந்தனான். தேத்தண்ணி குடிக்கிறீங்களோ எண்டு கேட்டா வேண்டாம் எண்டுதானே எல்லாரும் சொல்லுறது. அதுக்காக ஊத்தாமல் விட்ட வீடு இந்த ஊரில இருக்கோ?

சயந்தினி ஆறு வயதில் ஜேர்மனிக்குப் போன பிள்ளை. அவளுக்கு வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

ஒன்பது வருசத்துக்கு முதல் அவள் இந்தக் கிணற்றடியில் குளிக்கத் தயங்கி நின்றபோது, "உமக்கு இஞ்ச ஏலாது" என்றேன். ஆட்களுக்கு முன்னால் சொன்னேன். அதையும் நான்தான் சொன்னேன்.

யூலை 30, புதன்

போன் எடுத்தேன். கிணறு இறைப்பித்ததைச் சொன்னேன். ஆடு குட்டி போட்டதைச் சொன்னேன். வைத்துவிட்டேன்.

ஓகஸ்ட் 3, ஞாயிறு

அவர்கள் வீட்டுக்குத் திரும்பிவிட்டார்கள். ஏன் இங்கே வரவேண்டும் என்று இந்தக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருந்தேன். குதிரை, பெருக்குமரம், பாரை மீன், ஆட்டுக்குட்டி என்று பதினொரு காரணம். ஐந்தாம் வகுப்போடு நிற்பாட்டினாலும் என் எழுத்தில் பிழை பிடிக்க ஒருத்தராலும் ஏலாது. போனில் வாசிக்கிறதென்றுதான் நினைத்திருந்தேன்.

"சயந்தினியிட்டக் குடு" என்றேன் வாகீசனிடம். அவள் "மாமி" என்றதும் எழுத்து ஒன்றும் கண்ணுக்குத் தெரியவில்லை.

"நீர் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வாரும். எனக்கு உங்களைப் பாக்கவேணும்."

"உண்மையாவோ மாமி?"

"ஓம்."

"மார்கழியில லீவு இருக்கு" என்றாள்.

மார்கழியில் கடல் பொல்லாதது. அந்த நேரம் ஏன் என்று வாய்வரைக்கும் வந்தது. விழுங்கிவிட்டேன்.

டிசம்பர் 23, செவ்வாய்

வாடைக்காற்று. காலமை இருந்து படகு இல்லை. மூன்று பேரும் அக்கரையில், குறிகட்டுவானில் வந்து நிற்கிறார்கள். கம்சிகா போன் எடுத்தாள். காற்றின் இரைச்சலில் பாதிதான் கேட்டது.

"அப்பம்மா, இஞ்ச அலை பெரிசு. இண்டைக்குப் படகு ஓடாதாம். நாங்கள் என்ன செய்யிறது? வாறதோ, வேண்டாமோ?"

"வா" என்றேன்.

"நாளைக்கும் ஓடாட்டி?"

"நாளையிண்டைக்கு வா பிள்ளை."

சயந்தினியிடமும் சொன்னேன். அவளுக்கு இரண்டு தரம் சொன்னேன்.

நாலு பேருக்குத் தோசைக்கு ஊறப்போட்ட உளுந்து கிடக்குது. இன்றைக்கு அரைத்துவைத்தால் நாளைக்குப் புளித்துச் சரியாய் வரும்.